சீட்டிழந்த படங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திறப்பு விழாவுக்குச் சென்றிருந்தேன். நம் வட்டாரத்துச் செடிகொடிகளின் படங்களைத் திரட்டி, இணையத்தில் ஏற்றி, யாவரும் காணுமாறு செய்திருந்தனர். பள்ளி மாணாக்கர் எடுத்த படங்களே அவற்றுள் பெரும்பாலானவை. மேடையேறியோர் ஒவ்வொருவரும் படங்களின் எண்ணிக்கையைச் சொன்னார்கள். சொல்லுந்தோறும் அவையில் கைதட்டல் எழுந்தது. என் மாணவி ஒருத்தியின் படமும் அதில் இடம்பெற்றிருந்தமையால் நான் சற்றுப் பலமாகவே தட்டினேன் என்பதை மறைப்பானேன்?

வீடு திரும்பித் தொகுப்பைத் திறந்தேன். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று தேடியதும் நான்கு படங்கள் வந்தன. நான்கும் பூவின் படங்கள். மஞ்சள் இதழ்கள் திரையை நிறைத்து நின்றன; இலை ஒன்றிலும் இல்லை. எடுத்த நாள் இல்லை, எடுத்த இடம் இல்லை, எடுத்தவர் பெயரும் இல்லை.

செடியறிவு சற்றேனும் உடையவர்க்கு இது ஏன் என் தூக்கத்தைக் கெடுத்தது என்பது விளங்கும். நம் சாலையோரங்களிலும் அடுக்குமாடி வீடுகளின் அடியிலும் தரையை மூடிப் படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும் கொடி ஒன்றுண்டு. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த அதனை அழகுக்காகப் பல நாடுகளிலும் நட்டார்கள். அஃது இன்று உலகின் மிகத் தீய நூறு அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் ஒன்றாக இருக்கிறது. ஸ்ஃபாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்பது அதன் அறிவியற் பெயர். நம்மவர் பலர் அதனையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணிக் கீரையாகவும் மருந்தாகவும் பறிக்கின்றனர். மருத்துவ நூலார் கூறும் மஞ்சள் கரிசலாங்கண்ணியோ அதன் உறவினமாகிய ஸ்ஃபாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா, ஆசியாவுக்கு உரியது. இரண்டின் பூவும் மஞ்சள். பூவின் படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தல் எளிதன்று. இலையைக் கண்டால் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும். அமெரிக்கக் கொடியின் இலை மூன்று மடலாகப் பிளவுபட்டிருப்பது வழக்கம். மற்றதன் இலை பிளவின்றி நீண்டிருக்கும்.

மறுநாள் மாணவியைக் கேட்டேன். "ஐயா, நான் அஞ்சு படம் அனுப்பினேன். இலை, தண்டு, முழுச் செடி எல்லாம் இருந்துச்சு. பாட்டி வீட்டுத் தொட்டியில எடுத்ததுன்னு தேதி போட்டு எழுதியும் கொடுத்தேன்" என்றாள். தொகுப்பின் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் வினவினேன். அவர் பொறுமையாகவே விடை சொன்னார்: "குறிப்பு எழுத அதில் இடம் வைக்கவில்லை ஐயா. ஐந்தில் அழகான படத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். படம் தெளிவாகத்தானே இருக்கிறது?"

படம் தெளிவாகத்தானே இருக்கிறது! இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். உயிரினத் தொகுப்பை இணையத்தில் அமைக்கப் புகும் நம்மவர் அனைவர் உள்ளத்திலும் இந்த வாக்கியம் குடிகொண்டிருக்கிறது. படத்தைச் சேர்த்தலே அறிவைச் சேர்த்தல் என்று அவர்கள் நம்புகின்றனர்.

சிங்கப்பூரின் பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்து விலங்கு மாதிரிகளின் வரலாற்றை அவர்கள் கேட்கட்டும். 1972ஆம் ஆண்டில் அம்மாதிரிகள் அரும்பொருளகத்தை விட்டு வெளியேறிப் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு மாறின. நிலையான இடமின்றிப் பல காலம் இங்குமங்கும் அலைந்தன. இறுதியில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் அமர்ந்தன. இன்று அங்குள்ள மாதிரிகள் பத்து லட்சத்துக்கும் மேல். இத்தனை இடமாற்றங்களுக்குப் பின்னும் ஒரு மீன் எந்த ஆற்றில், எந்த நாளில், எவரால் பிடிக்கப்பட்டது என்று சொல்ல முடிகிறதென்றால் காரணம் எளியது. சாராயச் சீசாவுக்குள்ளேயே, மீனோடு மீனாக, சீட்டும் மிதக்கிறது. சீசாவைத் தூக்கினால் சீட்டும் உடன் வரும். உலர்த்திய செடியானால் செடி ஒட்டிய அதே தாளில் சீட்டும் ஒட்டப்பட்டிருக்கும். பழைய காப்பாளர் கணினியைக் கண்டவரல்லர். ஆயினும் பொருளும் குறிப்பும் பிரியலாகாது என்பதை நம்மினும் நன்கு அறிந்திருந்தார்.

கணினியிலோ படம் ஓரிடத்தில் இருக்கிறது. குறிப்பு வேறோர் அட்டவணையில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒரு கோப்பின் பெயர் மட்டுமே. யாரோ ஒருவர் கோப்புக்கு "அழகான" பெயர் சூட்டினாலும், தளத்தை வேறு கணினிக்கு மாற்றும்போது வழி மாறினாலும் அந்த இழை அறுந்துபோகும். அறுந்தது எவருக்கும் தெரிவதுமில்லை. படம் திரையில் பளபளத்துக்கொண்டேயிருக்கும். சீசா உடைந்தால் ஓசையாவது கேட்கும்.

படத்தை நான் பழிக்கவில்லை. நம் மண்ணிலேயே ஒரு படம் செய்த அருஞ்செயலை நான் மாணாக்கர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் குவெக் ஹோக் பிங் என்னும் மலேசியர் சிலாங்கூர்க் காட்டில் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றைப் படமெடுத்தார். எடுத்தபின் பூச்சி பறந்துபோயிற்று. படத்தை இணையத்தில் பகிர்ந்தார். கலிபோர்னியாவிலிருந்த ஷான் வின்டர்டன் என்னும் பூச்சியியலார் அதனைத் தற்செயலாகக் கண்டு, இறக்கையின் கரிய குறிகளைப் பார்த்துத் திகைத்தார். அறிவியல் இதுவரை பெயரிடாத இனம் அது! மாதிரி உண்டா என்று கேட்டார், இல்லை. குவெக் பின்னர் அதே இடத்துக்குச் சென்று அதே இனப் பூச்சி ஒன்றைப் பிடித்தார். அது லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்து ஸ்டீபன் புரூக்ஸின் கைக்குச் சென்றது. சபாவில் முன்னர் கிடைத்திருந்த மற்றொரு மாதிரியும் இதே இனம் என்று தெரியவந்தது. 2012இல் செமக்ரைசா ஜேட் என்ற பெயருடன் மூவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டனர். ஜேட் என்பது வின்டர்டனின் மகள் பெயர்.

இக்கதையைக் கேட்டுக் "கண்டீரா படத்தின் ஆற்றலை!" என்போர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. "அதே இடத்துக்குச் சென்று" என்றேனே, அந்தத் தொடரில்தான் கதையின் உயிர் இருக்கிறது. எடுத்த இடம் எடுத்தவர்க்குத் தெரிந்திருந்தது. எடுத்தவர் யார் என்பது பார்த்தவர்க்குத் தெரிந்தது. நம் தொகுப்பின் நான்கு மஞ்சள் பூக்களைப்போல அந்தப் பூச்சியும் பெயரற்று, ஊரற்று, நாளற்றுக் கிடந்திருந்தால் வின்டர்டன் திகைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்.

படத்துக்கும் எல்லை உண்டு. 2015இல் தென்னாப்பிரிக்காவின் ஈயினம் ஒன்றை, பாதுகாத்து வைத்த மாதிரி ஏதுமின்றி, படங்களை மட்டும் கொண்டு இருவர் புதிய இனமாக அறிவித்தனர். உயிரியலார் நடுவே பெரும் பூசல் மூண்டது. கொல்லாமல் அறிவது அறமன்றோ என்று ஒரு சாரார் கேட்டனர். அந்தக் கேள்வி என் நெஞ்சைத் தொடுவதே. எனினும் படத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும் இருக்கும்; நாளை ஒருவர் காலின் மயிரையோ மரபணுவையோ ஆராய விரும்பினால் படம் என்ன செய்யும்? அருகிய உயிரை விட்டுவிடலாம். எங்கும் மலிந்த பூச்சிக்கு ஒரு மாதிரி எடுத்து வைப்பதைக் கொலை என்று நான் கருதேன். இதில் என்னோடு மாறுபடுவோர் மாறுபடுக.

ஆனால் மாதிரியே அழிந்துபோனால் படம்தான் வாரிசு. ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் தாயகம் திரும்பப் புறப்பட்ட ஃபேம் என்ற கப்பல் 1824 பிப்ரவரி 2ஆம் நாள் பென்கூலன் அருகே தீப்பற்றி எரிந்தது. உயிர்கள் தப்பின, அவர் திரட்டிய மாதிரிகளும் ஓவியங்களும் சாம்பலாயின. அனைத்தும் ஒரே கப்பலில் இருந்தன. படி எடுத்து வேறிடத்தில் வைக்கவில்லை. இதற்கு மாறான நிகழ்ச்சி பெர்லினில் நடந்தது. 1929ஆம் ஆண்டிலிருந்து மேக்பிரைடு என்னும் அமெரிக்கத் தாவரவியலார் ஐரோப்பியத் தொகுப்பகங்களில் இருந்த வகைமாதிரிகளைப் படமெடுத்தார். ஓரினத்துக்குப் பெயரிடும்போது ஆதாரமாகக் காட்டப்படும் முதன்மை மாதிரியே வகைமாதிரி. 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் உலர்செடித் தொகுப்பகத்தின் பெரும்பகுதி எரிந்தது. இன்று தென்னமெரிக்கச் செடிகள் பலவற்றின் வகைமாதிரியைக் காண விரும்புவோர் சிகாகோ அரும்பொருளகத்தில் உள்ள அவருடைய படச்சுருளைத்தான் பார்க்கின்றனர். அவர் செடியின் அழகிய பூவை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. முழுத் தாளையும், அதில் ஒட்டியிருந்த சீட்டோடும் கையெழுத்தோடும் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். நம் பொறுப்பாளர் அவற்றைத் தெளிவில்லை என்று தள்ளியிருக்கவும் கூடும்.

எண் என்றேன். இங்கேதான் நம் தொகுப்பாளர் செய்யும் இரண்டாம் பிழை. படக்கோப்புக்குச் செடியின் பெயரையே பெயராக வைக்கின்றனர். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளித் தாளில் ஒரு மரம் இருக்கிறது. பூமலையில் பலரும் சென்று பார்த்த தெம்புசு மரம். நெடுங்காலம் அதற்கு ஃபாக்ரேயா ஃபிராக்ரன்ஸ் என்று பெயர் எழுதி வந்தோம். 2012இல் வோங், சுகுமாரன் ஆகிய இரு தாவரவியலார் அந்தப் பேரினத்தை மீண்டும் ஆராய்ந்து பிரித்தனர். தெம்புசு இன்று சிர்ட்டோஃபில்லம் ஃபிராக்ரன்ஸ் என வழங்குகிறது. (சுகுமாரன் என்ற பெயரைப் படித்ததும் நம் மாணாக்கர் நிமிர்ந்து உட்காருவதை வகுப்பில் கண்டிருக்கிறேன்.) பெயரையே கோப்பின் பெயராக வைத்தவர் இப்போது என்ன செய்வார்? மாற்றினால் பழைய இணைப்புகள் அறும். மாற்றாவிட்டால் தேடுவோர்க்குப் பிழையான பெயர் கிட்டும். மாதிரிக்கு ஓர் எண், படத்துக்கு ஓர் எண் என்று பொருளற்ற எண்ணை நிலையாகக் கொடுத்திருந்தால் இந்த இடர் நேராது. பெயர் என்பது எண்ணின்மேல் எழுதப்படும் கருத்து. கருத்து மாறும். மாறும்போது பழையதை அழிக்காமல், இன்னார் இந்த நாளில் இவ்வாறு கருதினார் என்று கீழே சேர்த்துக்கொண்டே போகவேண்டும். உலர்செடித் தாள்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்தாறு சிறு சீட்டுகள் ஒட்டியிருப்பதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஒவ்வொரு சீட்டும் ஓர் அறிஞரின் மறுப்பு. அவற்றுள் சில தவறானவையும் ஆகலாம். கிழித்தெறியும் உரிமை எவர்க்கும் இல்லை.

கள நிழற்படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. செண்டுடுக் பூவில் ஒரு தேனீ அமர்ந்திருக்கும் படத்தைச் செடியின் கீழ் வைப்பதா, தேனீயின் கீழ் வைப்பதா? ஒரே பெயரடைப்பில் படத்தைத் திணிக்கும் தொகுப்பில் தேனீ தொலைந்துபோகும். ஒரு படத்தில் பல உயிர்கள் இருக்கலாம்; ஒரே உயிருக்குப் பல படங்கள் இருக்கலாம். மாதிரி, படம், பெயரிட்ட கருத்து ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிந்து எண்களால் பிணைப்பதே முறை. இதற்கான பொது இலக்கணத்தை உலகம் ஏற்கெனவே வகுத்துவிட்டது. டார்வின் கோர் என்ற தரமுறை 2009இல் ஏற்கப்பட்டது. படத்துக்கும் ஒலிக்கும் உரிய ஆடுபன் கோர் 2013இல் வந்தது. இலக்கணம் கற்பிக்கும் நாம், வேற்றுமை உருபைப் பிழைபட எழுதிய மாணவனைத் திருத்துகிறோம். நாளும் இடமும் இன்றிப் படத்தை ஒப்படைப்பவனைப் பாராட்டுகிறோம்!

களத்தில் நிகழும் இழப்புகள் சிறியனபோலத் தோன்றும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் நாளும் நேரமும் சில வேளை இடமும் பொதிந்திருக்கும். அதனை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்புகள் உதிர்ந்து, படமும் சுருங்கியே மறுமுனையை அடைகிறது. நம் பள்ளிகளில் மாணவர் ஆசிரியர்க்கு அனுப்புவதும், ஆசிரியர் தொகுப்பாளர்க்கு அனுப்புவதும் இவ்வழியாகவே. சீட்டைக் கிழித்துவிட்டுச் சீசாவை மட்டும் அஞ்சலில் அனுப்புவதற்கு இஃது ஒப்பாகும். நிழற்படக் கருவியின் கடிகாரம் தவறியிருந்தால் நாளே பொய்யாகும். ஆகவே கையால் எழுதிய குறிப்பேடும் வேண்டும். செடியின் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைக்காத படத்தில் இலை ஓரங்குலமா ஒரு சாணா என்பதை எவர் அறிவார்? மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, வெட்டுவதையும் வண்ணம் கூட்டுவதையும் படியில்தான் செய்யவேண்டும். மூலத்துக்கு ஒரு சரிபார்ப்பெண் கணித்து வைத்தால், பிற்காலத்தில் ஒரு துகள் மாறியிருந்தாலும் கணினியே காட்டிக்கொடுக்கும். படிகள் ஒரே கட்டடத்தில் இருத்தல் ஆகாது. ஃபேம் கப்பலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பதிவது வேறு, ஊருக்கெல்லாம் பறைசாற்றுவது வேறு. தென் சீனத்திலிருந்து 1999இல் கொனியுரோசாரஸ் லூயி என்னும் பல்லியினம் விவரிக்கப்பட்டது. விற்பனைக்குப் பிடிப்போர் சென்று, அது முதன்முதல் கண்டறியப்பட்ட இடத்திலேயே அதனை இல்லாமற் செய்துவிட்டனர். அருகிய ஆர்க்கிட்டின் துல்லிய இடம் பதிவேட்டில் கட்டாயம் இருக்கவேண்டும். பொதுத் திரையில் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். "மறைக்க வேண்டியிருப்பதால்தான் நாங்கள் இடமே பதிவதில்லை" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். திருடனுக்கு அஞ்சிச் சொத்துப் பத்திரத்தைக் கொளுத்துவோர் உண்டா?

எடுத்தவர் பெயரை விடுவதும் குற்றமே. 1803க்கும் 1818க்கும் இடையில் மலாக்காவில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த வில்லியம் ஃபார்குவார் இவ்வட்டாரத்துச் செடிகளையும் விலங்குகளையும் ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் செல்வம். தீட்டியவர்கள் சீன ஓவியர்கள் என்று கருதப்படுகிறது. அவர்கள் பெயர் தெரியவில்லை. அவை ஃபார்குவார் ஓவியங்கள் என்றே வழங்குகின்றன. இருநூறாண்டுக்கு முன் நிகழ்ந்த அநீதியை நாம் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்கிறோம். படத்தின் மூலையில் தொகுப்பை நடத்தும் அமைப்பின் முத்திரை பெரிதாக விழுகிறது. எடுத்தவர் யார், எந்த உரிமத்தின்கீழ் தந்தார் என்று எழுதாத படத்தைப் பிறர் எடுத்தாளவும் இயலாது. 2001இல் தோன்றிய உலக உயிரினப் பன்மயத் தகவல் வலையம், உரிமம் குறிக்காத தரவுத்தொகுதியை ஏற்பதில்லை.

"இவையெல்லாம் அறிவியலார் கவலை, தமிழாசிரியர்க்கு என்ன?" என்று என் நண்பர்களே கேட்கின்றனர். தரங்கம்பாடியில் மறைப்பணி செய்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கடல் மீன்களைப் பெர்லினிலிருந்த பிளோக் என்னும் மீனியலார்க்கு அனுப்பினார். மீனோடு அங்குள்ளோர் வழங்கிய பெயரையும் எழுதி அனுப்பினார். 1793இல் பிளோக் ஒரு மீனினத்துக்கு ஜானியஸ் கருட்டா என்று பெயரிட்டார். முற்பாதி ஜானின் பெயர்; பிற்பாதி, கரையில் நின்ற தமிழர் சொன்ன "கறுத்த" என்னும் சொல். கறுத்த கத்தாளை இலத்தீனுக்குள் நீந்திப் போயிற்று. ஒரு சீட்டில் ஒருவர் அக்கறையோடு எழுதியதன் பயன் அது.

தமிழ்ப் பெயரைப் பதிவோர் நாமன்றி யார்? பதியும்போது அகராதியைப் பார்த்துத் திருத்திப் பதிவதும் தவறு. இப்பெயரைச் சொன்னவர் எந்த ஊரார், எந்தத் தோட்டத்தார், எந்தச் செடியைக் காட்டிச் சொன்னார் என்று படத்தின் எண்ணோடு சேர்த்து எழுதவேண்டும். சாலையோர அமெரிக்கக் கொடியை ஓர் அம்மையார் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொன்னால், அவர் அவ்வாறு சொன்னார் என்பதும் ஒரு செய்தியே. செடி அதுவன்று என்பது மற்றொரு செய்தி. இரண்டும் தனித்தனி அடைப்பில் இருந்தால் எவரும் ஏமாறார்.

என் மாணவியின் பாட்டி சென்ற ஆண்டு காலமானார். வீடு கைமாறியது, தொட்டிகளை யாரோ எடுத்துப் போயினர். ஊரில் ஒருவர் கோயில் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த நாற்று அது என்று பாட்டி சொல்வாராம். பேத்தியின் பழைய கைப்பேசியும் பழுதாகி, அதிலிருந்த ஐந்து படங்களும் போயின. எஞ்சியது தொகுப்பில் உள்ள ஒரே பூப்படம். நான்கில் அது எது என்று அவளாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதாக இருக்கலாம் என்கிறாள். பிற மூன்றும் சாலையோரத்தில் எடுத்தவையா என்று கேட்டும், குறிப்பெழுத ஓர் அடைப்புச் சேர்க்குமாறு வேண்டியும் பொறுப்பாளர்க்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். இதுவரை விடை வரவில்லை. இதனை எழுதும் இன்று காலையும் திறந்து பார்த்தேன்; படங்கள் நான்கும் தெளிவாகத்தான் இருக்கின்றன.